கட்டில் வரை உடன் நடப்போம்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, தமிழின் தொன்மையைப் பற்றியோ தாயகம் விட்டு வந்த தமிழர் வாழ்வைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். விஞ்ஞானம் படிப்பவன் தன் பாடத்தைப் பற்றி எழுதினால், படிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆயினும் சென்ற தீபாவளி விடுமுறையில் ஓர் அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இந்தக் கட்டுரை.

தாராவியில் நான் பிறந்து வளர்ந்த சந்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இட்லி அவித்து விற்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. தோற்பை தைக்கும் என் தந்தையாரைப் போலவே அவர்களும் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்கள். அந்த அம்மையாரை நான் அத்தை என்றே அழைப்பது வழக்கம். அது குருதி வழி வந்த உறவன்று. குடியிருந்த சந்து தந்த உறவு. விடியுமுன் எழுந்து அவர் அவித்துத் தரும் இட்லியைக் கணவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்று வருவார்.

அவர்களுக்கு ஒரே மகன். வயது 17. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை பெற்றுத் தேறினான். பள்ளிக்கும் போய் வந்தான். இவ்வாண்டு நோய் திரும்பிவிட்டது. அவன் உடம்பிலுள்ள உயிரணுக்களையே வெளியே எடுத்து, மாற்றிப் பெருக்கி, மீண்டும் அவனுக்குள் செலுத்தும் புதிய சிகிச்சை ஒன்று உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆகும் செலவையும் சொல்லியிருக்கிறார். ஊரிலுள்ள ஓட்டு வீட்டை விற்றாலும் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது.

அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முதுகலை ஆய்வேட்டின் படி மேசைமேல் கிடந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“ஏய்யா, நீயும் இந்த மருந்தத்தான படிக்க?” என்றார்.

“ஆமா அத்தை, கிட்டத்தட்ட இதான்” என்றேன்.

“இத ஆரெல்லாம் வாசிப்பாவ?”

“எங்க பேராசிரியர், தேர்வு பண்றவங்க, எனக்குப் பின்னால வர்ற பையங்க... ஒரு நாலஞ்சு பேர் வாசிப்பாங்க.”

“நாலஞ்சு பேரு வாசிச்ச பொறவு?”

அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

நண்பர்களே, நம்முள் பலர் ஆய்வு மாணவர்கள். ஆய்வு மாணவர்களாக விரும்புவோர் இன்னும் பலர். ஏடு எழுதுகிறோம், பட்டம் பெறுகிறோம், நம் ஏட்டை நூலகத்தில் அடுக்கி வைக்கிறார்கள். நாலைந்து பேர் படித்த பிறகு என்ன என்று நம்மை யாரும் கேட்பதில்லை. உயிரணுச் சிகிச்சையிலும் மரபணுச் சிகிச்சையிலும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது என்பது என் கருத்து. இந்தச் சிகிச்சைகளுள் பெரும்பாலானவை பிறந்த இடம் பல்கலைக்கழகமே. அவை தவறிப்போகும் இடமோ பல்கலைக்கழக வாயிலுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையிலுள்ள பாதை. அந்தப் பாதையில் கட்டில் வரை பல்கலைக்கழகம் உடன் நடக்க வேண்டும் என்பதை வற்புறுத்தவே எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை இன்னதென்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் இரத்தத்தில் டி உயிரணுக்கள் என்னும் காவற்படை ஒன்று உண்டு. புற்றுநோய் அணுக்கள் நம் சொந்த உடம்பின் அணுக்களிலிருந்து தோன்றியவை ஆதலால், இந்தக் காவலர்களுக்குப் பகைவனை அடையாளம் தெரிவதில்லை. ஆகவே நோயாளியின் இரத்தத்திலிருந்து டி உயிரணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பகைவனை இனங்காணும் உறுப்பு ஒன்றை ஆக்கும் மரபணுவை அவற்றுள் புகுத்துகிறார்கள். புகுத்துவதற்கு வாகனமாகப் பயன்படுவது பெரும்பாலும் ஒரு வைரஸ். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசிலிருந்து, தீங்கு செய்யும் பகுதிகளை நீக்கி ஆக்கியது. இப்படி மாற்றிய அணுக்களைப் பல நாள் வளர்த்துக் கோடிக்கணக்காகப் பெருக்கி நோயாளிக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். சிடி-19 என்னும் புரதத்தைத் தாங்கி நிற்கும் புற்றணுக்களை அவை தேடித் தேடி அழிக்கின்றன. இதற்குத்தான் கார்-டி சிகிச்சை என்று பெயர்.

இதை அத்தைக்குத் தமிழில் சொல்ல முயன்றபோது நான் பட்ட பாட்டை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஐந்து ஆண்டுகளாகப் படித்த பாடம். ஆனால் என் சொந்தத் தெருவில், என் சொந்த மொழியில், ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. கடைசியில் உறைமோரைச் சொல்லித் தப்பினேன். “ஒரு கரண்டி உறைமோர் ஊத்தினா ஒரு பானைப் பாலும் தயிரா ஆகுதுல்ல, அத்தை? அது மாதிரி, கொஞ்சம் அணுவை எடுத்து மாத்தி, வெளிய வச்சுப் பெருக்குவாங்க” என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நொடியே, “பாலு கெட்டுப் போச்சுன்னா?” என்று கேட்டார்.

எங்கள் துறையில் மிகக் கடினமான கேள்வி அது. சென்ற ஆண்டு நான் குடுவையில் வளர்த்துவந்த உயிரணுக்களில் ஒருநாள் பூஞ்சை படர்ந்துவிட்டது. கையுறையை மாற்ற மறந்தது காரணமோ, வேறு என்னவோ தெரியவில்லை. குடுவையைக் கொதிகலத்திலிட்டுக் கொன்று கொட்டிவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்கினேன். இழந்தது இரண்டு வாரம். பெற்றது பேராசிரியரின் வசை. அந்தக் குடுவையில் இருந்தவை அத்தை மகனின் அணுக்களாக இருந்தால்? பலமுறை மருந்து ஏற்றி நலிந்துபோன உடம்பிலிருந்து இரண்டாம் முறை அணு எடுக்க முடியுமா? எடுத்தாலும், அதை வளர்த்து முடிக்கும் வரை நோய் காத்திருக்குமா? ஆய்வுக்கூடத்தில் பத்தில் ஏழு முறை வெற்றி கண்டால் நல்ல ஆய்வுக்கட்டுரை எழுதலாம். மருந்து செய்பவர்களுக்குப் பத்தில் பத்தும் வெற்றியாக வேண்டும்.

வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் தூய அறைகள், ஒவ்வொரு தொகுதிக்கும் கிருமிச் சோதனை, வைரஸ் வாகனத்தை மருந்துத் தரத்தில் ஆக்கும் கூடம், உறைநிலையில் காத்துக் கொண்டுசெல்லும் ஏற்பாடு, சிகிச்சை ஏற்றிய பின் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்தால் உடனே கவனிக்கப் பயின்ற செவிலியர், ஆண்டுக்கணக்கில் நோயாளியைத் தொடர்ந்து பார்த்துக் குறிப்பெழுதும் பொறுமை, இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பாதை ஆகிறது. இவற்றுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பாராட்டு அரிது.

இந்தப் பாதையின் நீளத்தை ஆண்டுகளால் அளந்து பார்க்கலாம். இஸ்ரேலில் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் செலிக் எஷார் என்பவரும் அவர் தோழர்களும் டி உயிரணுவுக்குப் புதிய இனங்காணும் உறுப்பைப் பொருத்தலாம் என்று காட்டியது 1989இல். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழுவினர் வகுத்த சிகிச்சை, இரத்தப் புற்றால் சாகும் தறுவாயிலிருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அளிக்கப்பட்டது 2012இல். அவள் பிழைத்தாள். அதே சிகிச்சை ஒரு மருந்து நிறுவனத்தின் கைக்குப் போய், அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது 2017 ஆகஸ்டில். எண்ணத்திலிருந்து ஒப்புதல் வரை 28 ஆண்டுகள். ஒப்புதல் பெற்ற அன்று அதற்குக் குறித்த விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய்.

நீண்ட பாதை என்பதற்காக ஓடிக் கடந்துவிடவும் முடியாது. அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1999இல் நடந்ததை மரபணுச் சிகிச்சை பயிலும் எவரும் மறக்கலாகாது. ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞன், ஈரலில் ஒரு நொதி குறைவாக இருந்த பிறவிக் குறையோடு, உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் நடமாடிக்கொண்டிருந்தான். பிற குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்று தானே முன்வந்து சோதனையில் சேர்ந்தான். மரபணுவைச் சுமந்த வைரசைச் செலுத்திய நான்காம் நாள் இறந்துபோனான். பின்னர் நடந்த விசாரணையில், விதிமுறைகள் மீறப்பட்டதும், ஆய்வுக்குத் தலைமை வகித்தவருக்கே அந்தத் துறையில் இயங்கிய நிறுவனம் ஒன்றில் பங்கு இருந்ததும் வெளிவந்தன. அதன் விளைவாக அந்தத் துறை முழுவதும் பல ஆண்டுகள் தலைகுனிந்து நின்றது. அதே பல்கலைக்கழகம் பிற்காலத்தில் அந்தச் சிறுமியைக் காத்தது என்றால், விதியையும் சோதனையையும் சுமையென்று தள்ளாமல் அவற்றோடு வாழக் கற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே, “அரசாங்க அனுமதிதான் தடை, அதை எடுத்துவிட்டால் மருந்து ஓடிவரும்” என்று பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். நாம் பெருமைப்படத்தக்க கதை அது. அமெரிக்காவில் ஆய்வு செய்துவிட்டு 2013இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த ராகுல் புர்வார், தம் மாணவர்களோடு சேர்ந்து கார்-டி அணுக்களை இந்நாட்டிலேயே ஆக்க முனைந்தார். ஆய்வுக்கூடம் பவாயில் இருந்தது. ஆனால் நோயாளி டாட்டா நினைவு மருத்துவமனையில் அல்லவா இருக்கிறார்? ஆகவே அங்குள்ள மருத்துவர்களான ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நரூலா முதலியோர் இதில் கைகோத்தனர். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, மனிதரிடம் நடக்கும் முதற்சோதனைக்காக 19.15 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2018இல் கழகத்தின் அரவணைப்பிலேயே இம்யூனோ ஆக்ட் என்னும் நிறுவனம் பிறந்தது. 2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பவாய்க்கு வந்து அதை நாட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். நெக்ஸ்கார்-19 என்பது அதன் பெயர். 2025இல் வெளியான முடிவுகளின்படி, பயன் அளவிடப்பட்ட 51 பேரில் 37 பேருக்கு நோய் அடங்கியோ குறைந்தோ இருந்தது. மற்றெல்லா மருந்தும் கைவிட்ட பின் வந்தவர்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், நூற்றுக்கு எழுபத்துமூன்று என்பது சிறிய வெற்றியன்று.

விலை? அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. முப்பது நாற்பது இலட்சம் ரூபாய் என்ற அளவில் அறிவிக்கப்பட்டது. வைரஸ் வாகனம் முதல் தூய அறை வரை இங்கேயே ஆக்கியதால் வந்த நன்மை இது. இதைச் செய்தவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆனாலும், நண்பர்களே, பத்தில் ஒன்று என்பது யாருடைய கணக்கு? அமெரிக்க விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு; அத்தையின் இட்லிக் கணக்கோடு ஒப்பிட்டால் மூன்று கோடியும் நாற்பது இலட்சமும் ஒன்றுதான். கடலில் பத்து ஆள் ஆழத்தில் மூழ்குகிறவனுக்கும் இரண்டு ஆள் ஆழத்தில் மூழ்குகிறவனுக்கும் வேற்றுமை என்ன? ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஓர் ஆண்டில் ஒரு குடும்பத்துக்குத் தருவது 5 இலட்சம் ரூபாய் வரை. மீதிக்கு அறநிலையங்களின் வாயில்களில் விண்ணப்பத்தோடு நிற்க வேண்டும். அத்தையின் கணவர் இப்போது அப்படித்தான் நிற்கிறார்.

பாதையின் கடைசிப் பகுதி இது. கண்டுபிடித்தாயிற்று, சோதித்தாயிற்று, ஒப்புதலும் வந்தாயிற்று. இதற்கு மேல் நடப்பது வணிகம், அதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வேன்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் டொனால்ட் கோன் என்னும் மருத்துவர் பல்லாண்டு உழைத்து, நோய் எதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான ஒரு மரபணுச் சிகிச்சையை உருவாக்கினார். லண்டன் மருத்துவர்களும் அதில் துணைநின்றனர். 2021இல் வெளியான அறிக்கையின்படி 50 குழந்தைகளில் 48 பேருக்குச் சிகிச்சை பலித்தது. இதைவிடச் சிறந்த வெற்றி வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தச் சிகிச்சையின் உரிமையைப் பெற்றிருந்த நிறுவனம், அந்நோயுள்ள குழந்தைகள் மிகச் சிலரே ஆதலால் ஆதாயம் இராது என்று கண்டு, அதற்குச் செலவிடுவதைக் குறைத்து ஒதுக்கிவைத்தது. சிகிச்சை இருந்தது, செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், குழந்தைகளும் காத்திருந்தார்கள். கொடுக்கத்தான் வழியில்லை. பிறகு உரிமை பல்கலைக்கழகத்துக்கே திரும்பியது. கோன் மீண்டும் முயன்று அதை நடத்த வேண்டியதாயிற்று. கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று பல்கலைக்கழகம் இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. ஸ்பெயின் நாட்டில் பார்சலோனாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொது மருத்துவமனையான ஹாஸ்பிட்டல் கிளினிக், தன் கட்டடத்துக்குள்ளேயே தூய அறைகளை அமைத்துத் தானே கார்-டி அணுக்களை ஆக்கியது. புற்றுநோயுற்று மறைந்த இளம் பெண்ணொருத்தியின் பெயரைத் தாங்கிய திட்டம் அது. பொதுமக்கள் நன்கொடை திரட்டித் தந்தார்கள். 2021 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. அதன் விலை மருந்து நிறுவனங்களின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் வேலூரைப் பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. அங்கு அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையில், அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையா நோய்க்கு மரபணுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்தார்கள். நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து வரும் குருத்தணுக்களை எடுத்து, அவர்களிடம் குறைவாயுள்ள உறைபுரதத்தின் மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்தினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் ஐவர். சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றது என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ஐவர் மிகக் குறைவு. இன்னும் பலரிடம் சோதித்துப் பல ஆண்டு பார்க்க வேண்டும். ஆயினும் ஆய்வுக்கூடமும் கட்டிலும் அருகருகே இருந்தால் என்ன நடக்கும் என்பதை வேலூர் காட்டிவிட்டது.

“காசநோய்க்கே மருந்து ஒழுங்காகப் போய்ச் சேராத நாட்டில் மரபணுச் சிகிச்சை ஓர் ஆடம்பரம் அல்லவா?” என்று என் விடுதித் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நோய்கள் செல்வரின் நோய்கள் அல்ல. அரிவாள் அணுச் சோகையால் நம் நாட்டில் துன்புறுவோரில் மிகப் பலர் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய மாநிலங்களின் பழங்குடி மக்கள். அந்நோய்க்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையின் விலை 22 இலட்சம் டாலர். காட்டோரம் வாழும் பழங்குடிச் சிறுவனுக்கு அந்த எண்ணைப் படித்துக் காட்டினால் அவன் சிரிப்பான். ஆகவேதான் டில்லியிலுள்ள மத்திய அரசின் மரபணுவியல் ஆய்வு நிலையம் தானே ஒரு திருத்தக் கருவியை உருவாக்கி, 2025 நவம்பரில் பிர்சா முண்டாவின் பெயரால் அதை அறிவித்தது. அது மருந்தாகி நோயாளியை அடைய இன்னும் பல படிகள் உண்டு. அந்தப் படிகளில் ஏறுவது யார் பொறுப்பு என்பதே என் கேள்வி. காசநோய்க்கு மருந்து போய்ச் சேராததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: கண்டுபிடிப்பைக் கொண்டாடுகிறோம்; கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் கூலிவேலை என்று எண்ணுகிறோம்.

ஆகவே நான் கேட்பவை நான்கு. முதலாவது, இத்தகைய ஆய்வு தொடங்கும் நாளிலேயே ஒரு பொது மருத்துவமனையும் அதில் பங்காளியாக இருக்க வேண்டும். பவாயும் பரேலும் சேர்ந்ததால்தான் நெக்ஸ்கார் பிறந்தது. இரண்டாவது, தூய அறைகளையும் வைரஸ் ஆக்கும் கூடங்களையும் அரசாங்கம் மண்டலத்துக்கு ஒன்றாக அமைத்து, பல்கலைக்கழகங்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ள விட வேண்டும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே கட்டவும் முடியாது, கட்டத் தேவையும் இல்லை. மூன்றாவது, மக்கள் வரிப்பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது, பொது மருத்துவமனைகளுக்கு இன்ன விலைக்கு மேற்படாமல் தர வேண்டும் என்றும், இத்தனை ஆண்டுக்குள் நடத்தாவிட்டால் உரிமை தானே திரும்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். நிறுவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறுவனம் இல்லாமல் நெக்ஸ்காரும் இல்லை. மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் சீர் வரிசை பேசுகிறான். பத்தாண்டு உழைத்த அறிவைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் இரண்டு நிபந்தனை பேசக் கூடாதா? நான்காவது, மருந்தைத் தரமாக ஆக்குவதற்கும், சோதனையை ஒழுங்காக நடத்துவதற்கும் உழைக்கும் மாணவனுக்கு, புதிது கண்டவனுக்குத் தரும் மதிப்பைத் தர வேண்டும். பூஞ்சை படராமல் நூறு குடுவை வளர்த்தவனும் அறிவாளிதான்.

இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

சென்ற மாதம் அத்தையோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் படிவம் பல பக்கங்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. இருபது ஆண்டு மும்பையில் வாழ்ந்தும் அத்தைக்கு இந்தியில் பேரம் பேசத் தெரியுமே தவிர, படிவம் படிக்கத் தெரியாது. “எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டு” என்றார். நான் காட்டவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். மரபணு என்றால் என்ன, என்ன தீங்கு வரலாம், வேண்டாம் என்று எப்போது சொல்லலாம் என்றெல்லாம் சொல்ல இரண்டு மணி நேரம் ஆயிற்று. பல சொற்கள் எனக்கே வரவில்லை. பையனும் கேட்டுக்கொண்டிருந்தான், அத்தை கேளாத மூன்று கேள்விகளை அவன் கேட்டான். அதன் பிறகுதான் இருவரும் கையெழுத்திட்டார்கள். பணம் சேர்வதற்காக அந்தப் படிவம் இப்போது காத்திருக்கிறது.

இந்நகரத்து மருத்துவமனைகளில் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளிகள் நாள்தோறும் அப்படிக் கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சங்கத்தில் விஞ்ஞானம் படிப்பவர்கள் இருக்கிறோம். சட்டம் படிப்பவர்கள் இருக்கிறோம். நல்ல தமிழ் எழுதுபவர்களும் இருக்கிறோம். பொங்கல் விழாவுக்கு ஒரு குழு, நாடகத்துக்கு ஒரு குழு என்று அமைக்கும் நாம், இத்தகைய படிவங்களை எளிய தமிழில் பெயர்க்கவும் நோயாளியோடு உடன் செல்லவும் ஒரு குழு அமைக்கலாகாதா? முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரை இந்தக் கட்டுரை வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

நாலைந்து பேர் வாசித்த பிறகு என்ன என்று அத்தை கேட்ட கேள்விக்கு முழு விடை இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் மறுபடியும் அவர் கேட்டால், “அதுக்குப் பொறவு நாங்களும் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வருவோம், அத்தை” என்றாவது சொல்ல விரும்புகிறேன். அதைப் பொய்யாக்காமல் இருப்பது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.